பந்தயக் காருக்குள் ஒரு குரல்

கார்ப் பந்தயம் என்றதும் நம் நினைவுக்கு வருவது வேகமும் இரைச்சலுமே. அவற்றின் நடுவே, தலைக்கவசம் அணிந்து தன்னந்தனியாக ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவருடைய காரின் பின்புறத்தில் புகை கிளம்பினால் அதை அவருக்கு யார் சொல்வது? பெரிய குழுக்களிடம் விலையுயர்ந்த வானொலிக் கருவிகள் உண்டு. சொந்தச் சேமிப்பில் காரைத் தயார் செய்து, ஆர்வத்திற்காக ஓட்டுபவர்களுக்கு என்ன வழி? அதனை இக்கட்டுரையில் காண்போம்.

பலகையில் எழுதிய செய்தி

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ஆம் ஆண்டு பந்தயச் சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. இருங்காட்டுக்கோட்டையில் முழுச் சுற்று ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் காருக்கு ஒரு சுற்று வர 2 நிமிடம் 13 விநாடி ஆகும். பழைய முறைப்படி, குழுவினர் செய்தியைப் பலகையில் எழுதி, கார் கடக்கும்போது உயர்த்திக் காட்டுவர். ஆகவே சுற்றுக்கு ஒரு முறைதான் செய்தி சேரும். ஓட்டுநர் வாய்திறந்து பதில் சொல்ல வழியில்லை. 1952-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் டேட்டோனா கடற்கரைப் பந்தயத்தில் ஆல் ஸ்டீவன்ஸ் என்பவர் இருவழி வானொலியுடன் காரோட்டி இக்குறைக்கு வழி கண்டார்.

அலையின் கணக்கு

அலையின் வேகம் என்பது அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்று நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அந்த ஒரு வாய்பாடே இங்கு உதவுகிறது. 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். 446 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ சுமார் 67 சென்டிமீட்டர். ஏரியலின் உயரம் பொதுவாக அலைநீளத்தில் கால் பங்கு. முதலாவதற்கு 2.75 மீட்டர் வேண்டும். இரண்டாவதற்கு 17 சென்டிமீட்டர் போதும். கையடக்கமான வாக்கி டாக்கிக்கு இரண்டாவதே ஏற்றது. மேலும், ஸ்பார்க் பிளக்கில் எழும் தீப்பொறியும் ஒரு சிறு வானொலி நிலையம்போல் இரைச்சலைப் பரப்பும். 27 மெகாஹெர்ட்ஸில் வீச்சுப் பண்பேற்றம் செய்யும் கருவிகளை இந்த இரைச்சல் அதிகம் பாதிக்கும். அதிர்வெண் பண்பேற்றம் செய்யும் கருவிகளைக் குறைவாகவே பாதிக்கும்.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறனில் பேச உரிமம் தேவையில்லை. ஆனால் கருவி முறையான வகை ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். மலிவு என்பதற்காக வேறு அலைவரிசைகளில் இயங்கும் ஒப்புதலற்ற கருவியை வாங்கினால், காவல்துறை போன்ற அவசரப் பணியினரின் பேச்சுக்கு அது இடையூறாகலாம். இத்தகைய விற்பனையைத் தடுக்க 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பந்தய விதிகள் வானொலியை அனுமதிக்கின்றனவா என்பதையும் முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

எங்கே செலவிடலாம்?

பணம் குறைவாக இருந்தால் திறன்மிக்க கருவியைத் தேடுவதைவிட, காதுக்கும் வாய்க்கும் செலவிடுவது மேல். காதில் இறுகப் பொருந்தும் சிறு இயர்போன், தலைக்கவசத்திற்குள் உதட்டருகே ஒரு மைக், ஸ்டியரிங்கில் ஒரு பேச்சுப் பொத்தான் ஆகிய மூன்றும் வேண்டும். குரலைக் கேட்டதும் தானே இயங்கும் வசதி இங்கு பயன்படாது. எஞ்சின் சத்தத்தையே அது குரல் என்று எண்ணிவிடும். காரின் இரும்புக்கூடு அலையை மறைப்பதால், கருவியை இருக்கைக்கு அடியில் வைக்காமல் கண்ணாடி ஓரமாக வைக்க வேண்டும். அதை அசையாமல் இறுகக் கட்டுவது மிக அவசியம். மோதல் நேர்ந்தால், கட்டாத கருவி கல்லைப் போல் பறந்து வந்து தாக்கும்.

குறைவாகப் பேசுதல்

மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடியில் 33 மீட்டர் ஓடுகிறது. ஆறு விநாடி நீளமுள்ள வாக்கியத்தை நாம் சொல்லி முடிப்பதற்குள் 200 மீட்டர் கடந்துவிடும். ஆகையால் "புகை, உள்ளே வா", "முன்னே விபத்து" என்பன போன்ற சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். குழுவில் ஒருவரே பேச வேண்டும். வளைவில் ஓட்டுநரை அழைக்கலாகாது. நேர்ச்சாலையில் அழைக்க வேண்டும். பொத்தானை அழுத்தி அரை விநாடி பொறுத்தபின் பேசினால் முதற்சொல் விழுங்கப்படாது. ஒருவர் பேசும்போது மற்றவர் பேசினால் இருவர் சொல்லும் கெடும். பொது அலைவரிசையில் பேசுவதைப் பிறரும் கேட்கக்கூடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எத்தனை வானொலி இருந்தாலும் கொடியே முதன்மை. மஞ்சள் கொடி அபாயத்தையும், சிவப்புக் கொடி பந்தயம் நிறுத்தப்பட்டதையும் அறிவிக்கும். மின்கலம் தீர்ந்தால் வானொலி ஊமையாகிவிடும். கொடிக்கு மின்கலம் தேவையில்லை.

சிறிய கருவியானாலும், அதை அறிந்து பயன்படுத்தினால் ஓர் உயிரைக் காக்கும். வேண்டிய நேரத்தில் வேண்டிய சொல்லை மட்டும் சொல்லுதல் பந்தயக் களத்தில் உள்ளவர்க்கு மட்டுமன்றி, மாணவியராகிய நமக்கும் நல்ல பயிற்சியன்றோ!

பத்தாம் வகுப்பு