கால் பெருவிரலைப் பிடிக்கும் கவுட் வாதம்: நோவு நின்றாலும் குளிசையை நிறுத்தாதீர்கள்

இந்த முறை நாம் எழுத எடுத்துக்கொண்டது கவுட் என்று சொல்லப்படும் வாத நோயைப் பற்றி. லயங்களில் இதற்குப் பல பெயர் இருக்கிறது. "கால் புடிச்சிருச்சி" என்பார்கள், "வாதம் எறங்கிருச்சி" என்பார்கள். "எவனோ காலடி மண்ண எடுத்துட்டான்" என்று பூசாரியைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் அடையாளம் ஒன்றுதான். இரவு நல்லபடியாகப் படுத்தவர், விடியப் போகும் நேரம் பெருவிரல் மூட்டில் நெருப்பு வைத்த மாதிரி எழும்புவார். மூட்டு சிவந்து வீங்கிப் பளபளவென்று இருக்கும். கம்பளி பட்டாலும் தாங்காது. இந்தக் காலோடு பிரட்டுக்குப் போவது எப்படி?

எமது தோட்டத்தில் கவ்வாத்து வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார், வயது நாற்பத்தைந்து இருக்கும். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மூன்று நான்கு நாள் வேலைக்கு வரமாட்டார். அதுவும் சம்பளம் போட்ட கிழமை, தீபாவளி, திருவிழா முடிந்த கையோடுதான் நடக்கும். நாமும் மற்றவர்களைப் போல "குடிச்சிட்டுப் படுத்திருக்கான்" என்றே நினைத்தோம். நினைத்ததோடு நிற்கவில்லை, வேலைக்கு வராதவர்களைப் பற்றி எழுதிய அறிக்கையில் அவர் பெயருக்கு நேரே குடி என்று எழுதியும் விட்டோம். ஒருநாள் வேறொரு காரியமாக அந்த லயத்துக்குப் போனபோது, அவர் இஸ்தோப்பில் காலை ஒரு சாக்கு மூட்டையின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாராய வாடை எதுவும் இல்லை. "ஐயா, வெரலு மேல ஈ உக்காந்தாக்கூட உசிரு போவுது" என்றார். அடுத்த அறிக்கையில் எழுதியதைத் திருத்தினோம். அவர் இழந்த பேருக்கு நாம் என்ன பதில் சொல்வது? அந்தக் கடனும் இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம்.

நோய் எப்படி வருகிறது என்று பார்ப்போம். உடம்பில் பழைய கலங்கள் அழியும்போதும், நாம் சாப்பிடும் இறைச்சி, மீன் போன்றவற்றிலிருந்தும் பியூரின் என்ற பொருள் வருகிறது. அது உடைந்து யூரிக் அமிலம் ஆகிறது. இதில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடும். சிலருக்குப் பரம்பரையாகவே சிறுநீரகம் இதைக் குறைவாகத்தான் தள்ளும். மிச்சம் இரத்தத்தில் சேரும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது முழுதாகக் கரைந்து நிற்காது. பிளேன்டீயில் சீனியை அள்ளிப் போட்டால் கோப்பையின் அடியில் தங்குகிறதல்லவா, அப்படித்தான். தேத்தண்ணி ஆற ஆற இன்னும் தங்கும். உடம்பிலும் குளிர்ந்த இடம் கால் விரல், அங்கேதான் ஊசி போன்ற பளிங்குகள் முதலில் படிகின்றன. அந்தப் பளிங்குகளை உடம்பு பகையாளி என்று நினைத்துச் சண்டை பிடிக்கும்போது வருவதுதான் வீக்கமும் நோவும். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகியவற்றிலும் வரலாம். ஒன்று இரண்டு கிழமையில் மருந்து எடுக்காவிட்டாலும் அடங்கிவிடும். அடங்குவதால்தான் மனிதர் ஏமாந்து போகிறார். நோவு போனாலும் பளிங்கு உள்ளே இருக்கிறது. வருடக்கணக்கில் விட்டால் காதுமடல், முழங்கை, விரல் மூட்டு ஆகிய இடங்களில் சுண்ணாம்பு போன்ற கட்டிகள் வரும், மூட்டு தேய்ந்து கோணும், சிறுநீரகத்தில் கல்லும் உண்டாகலாம். கத்தி பிடிக்கும் கை கோணினால் பிறகு என்ன வேலை செய்வது?

நாற்பது தாண்டிய ஆண்களுக்கே இது கூடுதலாக வரும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு வருவதுண்டு. பிரஷர், சீனி வியாதி, சிறுநீரக வியாதி, உடம்புப் பருமன் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

"குடிகாரன் நோய்" என்று சொல்வது பாதி உண்மைதான். எமக்குத் தெரிந்த ஒரு பாட்டி, கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்ததில்லை. அவருக்கும் பெருவிரல் வீங்கியது. பேரன்மார் "பாட்டி ஒளிச்சு வச்சுக் குடிக்குது" என்று கேலி பண்ணினார்கள். அந்த வெட்கத்தில் அவர் யாரிடமும் காலைக் காட்டவில்லை. பார்த்தால், பிரஷருக்குக் கொடுத்த குளிசைகளில் ஒன்று கூடுதலாக மூத்திரம் போக வைக்கும் குளிசை. அந்த வகைக் குளிசை யூரிக் அமிலத்தைக் கூட்டக்கூடியது. யாரோ இதைச் சொல்ல, பாட்டி பிரஷர் குளிசை எல்லாவற்றையும் தானாகவே நிறுத்திவிட்டார். இது பெரிய ஆபத்து. பிரஷர் ஏறிப் பாரிசவாதம் வந்திருந்தால்? நல்லவேளை, கிளினிக்கில் வைத்தியரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் வேறு குளிசைக்கு மாற்றிக் கொடுத்தார். ஆகவே நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், சொல்லிக் கேட்டு மாற்றுங்கள்.

இனி நோவைக் கிளப்பிவிடும் காரியங்கள். முதலாவது குடி. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் ஏறக்குறைய 47,000 ஆண்களைப் பன்னிரண்டு வருடம் கவனித்துப் பார்த்தார்கள். பியர் குடிப்பவர்களுக்கு ஆகக்கூடுதலாகவும், சாராயம் போன்ற கடும் குடிக்கு அடுத்தபடியாகவும் கவுட் வந்தது. இறைச்சியும் மீனும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கும் வந்தது. நமது பக்கத்தில் தீபாவளி என்றால் இரண்டும் ஒரே நாளில் சேருகிறது. ஈரல், குடல், பாபத், அதோடு போத்தல். மூன்றாம் நாள் காலைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வருகிறார்கள். நெத்தலி, சாளை, கருவாடு, டின்மீன் இவற்றையும் குறைத்துக்கொள்ள வேண்டும். கருவாடு இல்லாமல் சோறு இறங்காது என்பது எமக்கும் தெரியும். தினமும் வேண்டாம், கொஞ்சமாக என்றுதான் சொல்கிறோம். சீனி கலந்த சோடா வகைகளும் யூரிக் அமிலத்தைக் கூட்டும்.

ஒரு தப்பான பேச்சைத் திருத்த வேண்டும். கவுட் என்றதும் "பருப்பு சாப்பிடாத, கீரை சாப்பிடாத" என்று தடுக்கிறார்கள். அதே ஆராய்ச்சியில் பருப்பு வகையாலும் மரக்கறியாலும் கவுட் கூடவில்லை என்று கண்டார்கள். பால் குடித்தவர்களுக்குக் குறைந்தும் இருந்தது. ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டு மலைக்குப் போகிறவரிடம் பருப்பையும் பிடுங்கினால் அவர் எதைச் சாப்பிட்டு வேலை செய்வார்? தேத்தண்ணியாலும் பாதகம் இல்லை, சீனியை மட்டும் குறையுங்கள்.

தண்ணீர் குறைந்தாலும் நோவு கிளம்பும். வெயிலில் கவ்வாத்து வெட்டி வியர்வை கொட்டிய நாள், வயிற்றோட்டம் வந்த நாள், நாள் முழுக்க விரதம் இருந்த நாள், இவற்றுக்குப் பிறகு பாருங்கள். சிறுநீரக, இருதய வியாதி உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும், மற்றவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். கொழுந்து பறிக்கும் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நாம் பார்க்கிறோம். மலையில் மலசலகூடம் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு "தண்ணி குடிங்க" என்று சொல்வது எமக்கு இலகு. அதை நிர்வாகத்திடம் பேச வேண்டியது எம்மைப் போன்ற உத்தியோகத்தரின் வேலை, அதை மறைக்கவில்லை.

நோவு கிளம்பிவிட்டால் முதல் நாளே டிஸ்பென்சரிக்குப் போங்கள். மருந்து எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவு சீக்கிரம் அடங்கும். காலைத் தலையணை வைத்து உயர்த்தி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். சூடான எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், வீங்கிய மூட்டை உருவினால் நோவு கூடும். சுகவீனம் என்று துண்டு எழுதி வாங்கி வெளிக்கள உத்தியோகத்தரிடம் கொடுத்துவிடுங்கள். துண்டு இருந்தால் எம்மைப் போன்ற ஆட்கள் குடி என்று எழுத முடியாது.

டைக்குளோபெனக், புரூபன் போன்ற நோவுக் குளிசைகளைக் கடையில் வாங்கி வாய்க்குள் போடும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இரத்தம் கசியும், சிறுநீரக வியாதிக்காரருக்கு அது இன்னும் கெடும். கேட்டுத்தான் எடுக்க வேண்டும். டிஸ்பிரின் இதற்கு உகந்ததல்ல. ஆனால் இருதயத்துக்கென்று சின்ன அஸ்பிரின் கொடுத்திருந்தால் அதை நிறுத்தவும் கூடாது. கொல்சிசின் என்ற குளிசையும் கொடுப்பார்கள். சொன்ன அளவுக்கு மேலே போனால் அது விஷம். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் உடனே சொல்லுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கார்த்திகைக் கிழங்கில், அதாவது சிங்களத்தில் நியங்கலா என்பதில், இருப்பதும் இதே கொல்சிசின்தான். "அதுதானே மருந்து" என்று கிழங்கைத் தோண்டி அரைத்துக் குடிக்க நினைக்காதீர்கள். ஒரு கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் அளக்க முடியாது. அதைத் தின்று இறந்துபோனவர்கள் நமது நாட்டில் இருக்கிறார்கள்.

மூட்டு வீக்கத்தோடு காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால், அல்லது அட்டை கடித்த புண், கத்தி வெட்டு பக்கத்தில் இருந்தால், கவுட் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். மூட்டுக்குள் கிருமி போயிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோவு உள்ள நேரத்தில் இரத்தம் சோதித்தால் யூரிக் அமிலம் சரியான அளவு என்று காட்டுவதும் உண்டு. "ஒண்ணும் இல்லன்னு ரிப்போட்ல வந்திருச்சி" என்று விட்டுவிடாமல், நோவு அடங்கி இரண்டு கிழமைக்குப் பிறகு திரும்பச் சோதியுங்கள்.

மேலே சொன்ன மருந்தெல்லாம் அன்றைய நோவுக்கு. யூரிக் அமிலத்தைக் குறைப்பதற்கு இருப்பது அலோபியூரினோல். அடிக்கடி நோவு வருகிறவர்களுக்கும், கட்டி வந்தவர்களுக்கும் இதை எழுதுவார்கள். பெரும்பாலும் 100 மில்லிகிராமில் தொடங்கி, இரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். 6 மில்லிகிராமுக்குக் கீழே இறக்குவதுதான் நோக்கம். இறங்கிய நிலையிலேயே இருந்தால் படிந்த பளிங்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரையத் தொடங்கும் முதல் சில மாதங்களில் நோவு திரும்பவும் கிளம்பலாம். அதற்காகவே கூடவே சின்ன அளவில் கொல்சிசின் கொடுப்பதும் உண்டு. இதைத் தெரியாமல்தான் நம் கவ்வாத்துக்காரர் மூன்றாவது கிழமையில் கால் வீங்கியதும் "மருந்துதான் கெடுத்திருச்சி" என்று குளிசைப் பக்கெட்டை லயத்துக்குப் பின்னால் வீசினார். மனைவி பொறுக்கி எடுத்து வைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க, அந்த மனுசன் நான் சொன்னா கேக்காது." டிஸ்பென்சரி ஐயாவும் நாமும் போய் உட்கார்ந்து பேசினோம். நோவு வந்தாலும் அலோபியூரினோலை நிறுத்தக் கூடாது, நோவு போனாலும் நிறுத்தக் கூடாது என்பதை அவர் ஒப்புக்கொள்ள இரண்டு பின்னேரம் போனது. இப்போது ஒன்றரை வருடமாக எடுக்கிறார். போன வருடம் ஒரே ஒரு தடவை, மூன்று நாள்தான் படுத்தார். குடியை முழுதாக விட்டுவிட்டார் என்று எழுதினால் அவரே சிரிப்பார், ஆனால் குறைத்திருக்கிறார்.

ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் அலோபியூரினோலை உடனே நிறுத்த வேண்டும். உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் நிறுத்திவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிலருக்கு இது உயிராபத்தாக மாறக்கூடியது. தொடங்கிய முதல் இரண்டு மூன்று மாதங்களில் இதைக் கவனமாகப் பாருங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் பார்ப்பதற்குக் காசு இல்லை. போகும்போது கிளினிக் கொப்பியும், எடுக்கும் குளிசை எல்லாவற்றின் பக்கெட்டுகளும், கடையில் வாங்கியவையும் நாட்டு மருந்தும் உட்பட, கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால் கிளினிக் நாள் தவறிப்போகும். குளிசை முடிவதற்கு ஒரு கிழமை இருக்கும்போதே டிஸ்பென்சரியில் வந்து சொல்லிவிடுங்கள், ஏதாவது ஒழுங்கு செய்யலாம்.