பாட்டு டீச்சர் ஆகப்போகிறீர்களா?

கச்சேரி சான்ஸ் வரும்வரை பாட்டு கிளாஸ் எடுத்துச் சமாளிக்கலாம் என்று இந்தத் தொழிலுக்குள் நுழைகிறவர்கள் நிறைய. மயிலாப்பூரிலும் நங்கநல்லூரிலும் போட்டிக்குக் குறைவில்லை. பெற்றோர் எடைபோடுவது உங்கள் பிருகாவை அல்ல. தங்கள் பிள்ளை வீட்டில் தனியாக உட்கார்ந்து சுருதி சேர்ந்து பாடுகிறதா என்பதைத்தான்.

1. முதல் கிளாஸிலேயே பிள்ளையின் சுருதியைக் கண்டுபிடியுங்கள். உங்களுக்கு 1 கட்டை வசதி என்பதற்காக, 5 கட்டையில் பாட வேண்டிய சிறுமியைக் கீழே இழுக்காதீர்கள். கீழ் ஸ்வரங்களில் வெறும் காற்றுதான் வரும். தம்பூரா ஆப்பில் கட்டையை மாற்ற ஒரு நொடி போதும். டெமோ கிளாஸில் இதைச் செய்தாலே உங்கள் மதிப்பு கூடும்.

2. பிள்ளைகள் கழன்றுகொள்ளும் இடம் சரளி வரிசை. அதே மாயாமாளவகௌளை, அதே மூன்று காலம் என்று வாரக்கணக்கில் ஓட்டினால் யாருக்கும் அலுக்கும். காரணத்தைச் சொல்லிக்கொடுங்கள். அந்த ராகத்தில் ச ரி க ம எந்த இடைவெளியில் ஏறுகிறதோ, ப த நி ச-வும் அதே இடைவெளியில் ஏறுகிறது. முதல் பாதி பிடிபட்டால் மறுபாதியும் எளிதில் வசப்படும். இது புரிந்த பிள்ளையின் முகமே மாறிவிடும்.

அடுத்தது, நீங்கள் வாயை மூடப் பழகுவது. ஒருமுறை பாடிக் காட்டிவிட்டு நிறுத்துங்கள். கூடவே பாடிக்கொண்டிருந்தால் பிள்ளை உங்கள் குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எங்கே சுருதி விலகுகிறது என்று உங்களுக்கும் கேட்காது. ஒரே நேரத்தில் பத்துத் தப்பைத் திருத்தவும் வேண்டாம். இன்று தாளம் என்றால் தாளம் மட்டும். அன்றைய பாடத்தைப் பாடி ஆடியோவாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வீட்டுச் சாதகத்துக்கு அதுதான் துணை.

3. வெளிநாட்டு மாணவர் வேண்டுமா? அதிகாலையில் எழப் பழகுங்கள். இங்கே காலை 6.30 என்றால் நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு 8 அல்லது 9. ஜூமில் சத்தம் தாமதமாகப் போய்ச் சேருவதால் சேர்ந்து பாட முடியாது. மாறி மாறித்தான் பாட வேண்டும். தம்பூரா இரண்டு பக்கமும் தனித்தனியாக ஓடட்டும். ‘ஒரிஜினல் சவுண்ட்’ செட்டிங்கைப் போடாவிட்டால், சுருதியை இரைச்சல் என்று நினைத்து ஜூம் அமுக்கிவிடும்.

4. “எப்போது சார் பாட்டு?” என்று பெற்றோர் நிச்சயம் கேட்பார்கள். அதற்காகச் சரளியைப் பாதியில் விட்டுவிட்டுக் கீர்த்தனைக்குத் தாவாதீர்கள். கிளாஸின் கடைசிப் பத்து நிமிடத்தில் தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள். சின்ன மெட்டு, கமகமும் குறைவு, பிள்ளை தாங்கும். நவராத்திரிக்கு மூன்று மாதம் முன்பே அதை ஆரம்பியுங்கள். கொலு வைத்த வீடுகளில் பிள்ளை சுத்தமாகப் பாடினால், “யாரிடம் கத்துக்கிறே?” என்ற கேள்வி வரும். அதைவிடப் பெரிய விளம்பரம் இந்தத் தொழிலில் கிடையாது.

கொலு முடிந்த கையோடு விஜயதசமி. பிள்ளைகளைப் புதிதாகப் பாட்டு கிளாஸில் சேர்க்க வருகிற நாள் அது. அதற்கு முன் மாத ஃபீஸ், டைமிங், லீவு போட்டால் காம்பன்சேஷன் கிளாஸ் உண்டா இல்லையா என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தயாராக வைத்திருங்கள்.