பொதுக் கணினியில் மின்னஞ்சல் மென்பொருள்: சில தடைகளும் நிவாரணமும்

கடிதம் கைசேரத் தாமதித்தால் அது நெசவாளியின் கூலியில் போய் முடியும் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். முன்னர் தபாலில் நேர்ந்த தாமதம் இன்று காரியாலயக் கணினிக்குள்ளேயே நேர்ந்துவிடுகிறது.

ஏனாத்தூரில் ஒரு சங்கம் இருப்பதாகக் கொள்வோம். கணினி ஒன்றே, முற்பகலில் கணக்கரும் பிற்பகலில் விற்பனையைக் கவனிப்பவரும் அதில் அமர்கின்றனர். அரக்குக் கோர்வைக் கரையிட்ட பத்துச் சேலைகள் கேட்டு வெளியூர் வியாபாரி எழுதுகிறார். விற்பனையாளர் பெட்டியைத் திறந்தால் ஒன்றுமில்லை. கடிதம் எங்கே போயிற்று?

மென்பொருளைக் குறை கூறுமுன், இணைய உலாவி வழியே அஞ்சல் சேவையகத்தில் நேராகப் பார்த்தல் வேண்டும். கடிதம் அங்கே இருந்தால் பழுது நமது கணினியில்தான். அங்கும் இல்லையேல், கணக்கரின் விண்டோஸ் கணக்கில் தேடுக. ‘பாப்’ என்னும் முறையில் அமைத்திருந்தால், கடிதம் ஒருவரது கோப்பில் இறங்கியபின் சேவையகத்திலிருந்து உடனேயோ சில நாட்கள் கழித்தோ அகற்றப்படக்கூடும். ‘ஐமாப்’ முறையில் மூலக் கடிதம் சேவையகத்திலேயே தங்கும். ஆகவே பலர் புழங்கும் இடத்துக்கு இதுவே உகந்தது. பாதுகாப்பான இணைப்பில் இதன் வாயில் எண் 993. பாப் முறைக்கு 995. எண் மாறினால் இணைப்புக் கிட்டாது.

நிறுவுதல் என்பது உண்மையில் இரண்டு வேலைகள். அவுட்லுக்கையோ தண்டர்பேர்டையோ கணினியில் ஏற்றுவது பெரும்பாலும் ஒரே முறை. அதற்கு நிர்வாகி உரிமை தேவை. அஞ்சல் கணக்கை அமைப்பதோ ஒவ்வொருவரும் தத்தம் விண்டோஸ் கணக்கில் நுழைந்து தனித்தனியே செய்யவேண்டியது. கோர்வைத் தறியில் இருவர் அமர்ந்தாலும் மூன்று நாடாக்களும் தத்தம் வழியில்தானே ஓடுகின்றன! நிர்வாகியின் கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டும் வழக்கம் மட்டும் வேண்டாம்.

கடவுச்சொல் சரியாயிருந்தும் கணினி மீண்டும் மீண்டும் அதையே கேட்கிறதா? பழைய மென்பொருள்களில் இது சகஜம். மைக்ரோசாப்ட் தனது அலுவலக அஞ்சல் சேவையில், வெறும் கடவுச்சொல்லைக் கொண்டு நுழையும் பழைய முறையை 2022 அக்டோபர் முதல் நிறுத்தத் தொடங்கியது. புதிய பதிப்பை ஏற்றி, உலாவிப் பக்கத்தின் வழியாக அனுமதி பெறும் முறையைத் தேர்ந்தால் தொல்லை தீரும்.

மற்றொரு காரணம் கேட்க வேடிக்கையாயிருக்கும். கணினியினுள் இருக்கும் சிறு நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்தடைக்குப் பின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். சேவையகத்தின் பாதுகாப்புச் சான்று அந்தத் தேதிக்குச் செல்லாதாகையால் இணைப்பு மறுக்கப்படும். தேதியைத் திருத்தி, மின்கலத்தை மாற்றினால் போதும். இதற்காக மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றி ஒரு நாளை வீணாக்கியவர்கள் உண்டு.

பாப்பிலிருந்து ஐமாப்புக்கு மாறுவோர் பழைய கணக்கை அவசரப்பட்டு அழித்துவிடலாகாது. இறங்கிய கடிதங்கள் அக்கணக்கின் கோப்பில் மட்டுமே இருக்கக்கூடும். அக்கோப்பை முதலில் பென்டிரைவில் பிரதி எடுத்து, பிரதி திறக்கிறதா என்று பார்த்த பின்னரே கைவைத்தல் வேண்டும்.