கையடக்க டிஜிட்டல் கேமராவை ஏந்தும் இளம் கலைஞருக்கு



பழைய கையடக்க டிஜிட்டல் கேமராக்களை இளைஞர்கள் மீண்டும் தேடி வாங்கத் தொடங்கியிருக்கும் இக்காலத்திலும், வாங்குபவர் முதலில் கேட்பது மெகாபிக்சல் எத்தனை என்பதாகவே இருக்கிறது. பத்து லட்சம் படப்புள்ளிகளை ஒரு மெகாபிக்சலாகக் கொள்ளும் இந்தக் கணக்கு, படத்தை எவ்வளவு பெரிதாக அச்சிடலாம் என்பதைச் சொல்லுமேயன்றி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒளி கிடைத்தது என்பதைச் சொல்லாது. சட்டைப்பையில் அடங்குவதற்காக எதை விட்டுக்கொடுப்பது என்று பொறியாளர்கள் எடுத்த முடிவுகளே இக்கருவியின் வரலாறு. தம் கேமரா எதை விட்டுக்கொடுத்தது என்று அறிந்த கலைஞரே அதனிடம் முழுமையாக வேலை வாங்க முடியும்.

1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா மாதிரி ஏறத்தாழ 3.6 கிலோ எடையுடன், 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1995-இல் வந்த கேசியோ க்யூவி-10, முதுகில் ஒரு சிறு வண்ணத் திரையைத் தாங்கி, எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே காட்டியது. படப்புள்ளிகளின் பெருக்கத்தைவிட இத்திரையே ஒளிப்படப் பழக்கத்தை அதிகம் மாற்றியது எனலாம். எனினும் வெயிலில் மங்கியும் இருட்டில் மிகைத்தும் தெரியும் திரையை நம்பி ஒளியளவை முடிவுசெய்யலாகாது. படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு பரவியுள்ளன என்பதை வரைபடமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் இருக்குமானால், கலைஞர் அதைப் படிக்கப் பழகுவதே நல்லது.

2000-க்குப் பிறகு மெலிவுக்கான போட்டி வியக்கத்தக்க நுட்பங்களைத் தந்தது. 2002-இல் மினோல்டா டைமாஜ் எக்ஸ், உள்ளே வரும் ஒளியை முப்பட்டகத்தால் செங்கோணத்தில் திருப்பி, ஜூம் லென்ஸை உடலுக்குள்ளேயே செங்குத்தாக இயங்கச் செய்தது. அதே ஆண்டின் கேசியோ எக்சிலிம் எஸ்1 வெறும் 11.3 மில்லிமீட்டர் தடிமனில் வந்தது. அதற்காக ஜூமையும், தொலைவுக்கேற்பக் குவியத்தை மாற்றும் வசதியையும் துறந்தது.

ஆனால் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழ்ந்தது. ஒளியை மின்சைகையாக மாற்றும் சென்சார், பிற்காலப் பெரும்பாலான சிறு கேமராக்களில் சுமார் 6.2 மில்லிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் அகலமும் மட்டுமே, அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதே பரப்பில் ஆண்டுதோறும் கூடுதல் புள்ளிகள் திணிக்கப்பட்டபோது ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைந்து, மங்கலான இடங்களில் மணல் தூவியது போன்ற புள்ளிக்கறை கூடியது. அதை அழிக்க முயன்ற மென்பொருள் தலைமுடியையும் துணியின் நெசவையும் சேர்த்தே மழுங்கடித்தது. 2008-இல் 14.7 மெகாபிக்சலுடன் ஜி10-ஐ வெளியிட்ட கேனன், மறு ஆண்டே ஜி11-ஐ 10 மெகாபிக்சலுக்குக் குறைத்து வெளியிட்டது இத்துறையின் மிக நேர்மையான செயல்களுள் ஒன்று. இத்தகைய சிறு சென்சாரில் அப்பெர்ச்சர் எனப்படும் ஒளித்துளையை எஃப் 8 வரை சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் மங்கும் என்பதால், துளையை அகலமாக வைத்து, ஐஎஸ்ஓ என்னும் உணர்திறனைக் குறைவாகவே வைத்து எடுப்பது நலம்.

2012-இல் சோனி ஆர்எக்ஸ்100, அவ்வகைச் சென்சாரைப் போல நான்கு மடங்கு பரப்புள்ள ஒன்றைச் சட்டைப்பைக்குள் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ரிக்கோ ஜிஆர், ஜூமை முற்றிலும் துறந்து, பெரிய கேமராக்களில் இடம்பெறும் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரை ஏற்றது. வீதியில் படமெடுக்க விரும்புவோர்க்கு இந்தத் துறவே பெரும் கொடை. கண்முன் விரியும் காட்சியில் எவ்வளவு சட்டகத்துக்குள் அடங்கும் என்பது மாறாதிருப்பதால், கேமராவை உயர்த்தும் முன்பே கலைஞரின் கால்கள் சரியான இடத்துக்குச் சென்றுவிடும். அதிலுள்ள ஸ்னாப் ஃபோக்கஸ், குவியத்தை முன்பே இரண்டரை மீட்டர் போன்ற ஒரு தொலைவில் நிறுத்திவைப்பதால், பொத்தானை ஒரே மூச்சில் அழுத்தியதும் படம் பதிவாகிறது. இவ்வசதி இல்லாத பழைய கருவிகளில், அதே தொலைவிலுள்ள வேறொரு பொருளை நோக்கிப் பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தை நிறுத்திக்கொண்டு, விரலை எடுக்காமல் தருணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இப்பயிற்சி விரலில் படிந்துவிட்டால், கருவி தாமதிப்பதால் தவறும் படங்கள் பெரிதும் குறையும்.

2010-இல் உலகெங்கும் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட ஜப்பானிய நிறுவனங்களின் டிஜிட்டல் கேமராக்கள், திறன்பேசியின் வருகையால் 2023-இல் 80 லட்சத்துக்கும் கீழே சரிந்தன. பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும் திறன்பேசியுடன் இருட்டில் போட்டியிட எந்தப் பழைய கேமராவாலும் இயலாது. பட்டப்பகலில் முகத்தில் விழும் நிழலை ஃபிளாஷால் நிரப்பும் வேலைக்கோ, லென்ஸுக்குள்ளேயே இதழ்களாக அமைந்த ஷட்டருடைய ஜிஆர் போன்ற கேமராக்கள் இன்றும் மிகப் பொருத்தமானவை. அவ்விதழ்கள் வேகமாகத் திறந்து மூடினாலும் ஃபிளாஷின் ஒளி படம் முழுவதும் சீராகப் பதியும்.

பழையதை வாங்கத் துணியும் கலைஞர், உடலைப் பார்ப்பதற்கு முன் அதன் மின்கலமும் நினைவட்டையும் கிடைக்கின்றனவா என்று விசாரிக்க வேண்டும். 2002-இல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் கொண்டுவந்த எக்ஸ்டி அட்டைகள் இப்போது தயாரிப்பில் இல்லை. 2006-க்கு முந்தைய பல கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி அட்டைகளைப் படிப்பதில்லை.