ஏபிஏ மைனர் எடுப்பவர்களுக்கு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியலோ கல்வியியலோ படித்துக்கொண்டே, ஏபிஏ எனப்படும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வை மைனராக, அதாவது துணைப்பாடமாக, சேர்த்துக்கொள்ளலாம். அறிமுக உளவியலை முடித்த கையோடு ஆலோசகரைப் பார்த்துப் பாட வரிசையை எழுதி வாங்குங்கள். பல பாடங்கள் ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று இருக்கும். மைனர் மட்டும் முடித்து பிசிபிஏ, அதாவது சான்று பெற்ற நடத்தைப் பகுப்பாய்வாளர், ஆக முடியாது. முதுநிலைப் பட்டம், மேற்பார்வையில் களப்பணி, தேர்வு மூன்றும் வேண்டும்.

பாடநூல் கூப்பர், ஹெரான், ஹெவர்ட் எழுதிய தடிமனான புத்தகமாக இருக்கக்கூடும். அதைத் திறக்கும் முன் பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் 1968இல் எழுதிய கட்டுரையைப் படித்துவிடுங்கள். இந்தத் துறை எதற்காக என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

மாணவர்கள் தடுமாறுவது நடத்தையை வரையறுப்பதில்தான். “குழந்தை அடம்பிடிக்கிறது” என்று எழுதினால் எதை எண்ணுவது? இப்படி எழுதுங்கள்: “அடுத்த அறைக்குக் கேட்கும்படி 3 நொடியாவது கத்துவது. தொடர்ந்து 10 நொடி அமைதியானால் ஒரு முறை முடிந்தது. விளையாட்டில் கத்துவது சேராது.” தொடக்கம், முடிவு, எது சேராது: மூன்றும் இல்லாத வரையறையைப் பேராசிரியரிடம் கொண்டுபோகாதீர்கள். கோபம், எரிச்சல், கவனமின்மை என்ற சொற்களையும் அடித்துவிடுங்கள். அவை நம் ஊகங்கள். கண்ணில் பட்டவை அல்ல.

எழுதியதைச் சோதிக்க ஒரு தோழியைப் பிடியுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல் வரையறையை மட்டும் கொடுங்கள். இருவரும் ஒரே காணொளியைப் பார்த்துத் தனித்தனியே எண்ணுங்கள். சின்ன எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். நீங்கள் 8, அவர் 10 என்றால் 80 விழுக்காடு ஒத்துப்போகிறது. அதற்கும் கீழே போனால் வரையறையைத் திருத்துங்கள், தோழியை அல்ல. மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டு நிம்மதி அடையவும் வேண்டாம். முதல் நிமிடத்தில் நீங்கள் எண்ணியதும் கடைசி நிமிடத்தில் அவர் எண்ணியதும் கூட்டலில் ஒன்றாகிவிடும். அதனால் நிமிடத்துக்கு நிமிடம் ஒப்பிடுங்கள்.

பலர் குழம்பும் இன்னொரு சொல் ‘எதிர்மறை வலுவூட்டல்’. அது தண்டனை அல்ல; தொல்லை ஒன்று நீங்குவதால் ஒரு நடத்தை கூடுவது. காரில் பெல்ட் போட்டதும் பீப் ஒலி நிற்கிறது. அடுத்த முறை சட்டென்று போடுகிறோம். இதை மனதில் வைத்தால் தேர்வில் குழம்பாது.

18 வயது ஆகியிருந்தால் விடுமுறையில் ஆர்பிடி வேலைக்குப் போகலாம்; மேற்பார்வையில், பெரும்பாலும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு, ஏபிஏ சிகிச்சை அளிக்கும் வேலை அது. 40 மணிநேரப் பயிற்சி, திறன் மதிப்பீடு, தேர்வு உண்டு. அதற்கு முன் ஏபிஏ சிகிச்சை பெற்று வளர்ந்த ஆட்டிச இளைஞர்கள் எழுதியவற்றைக் கட்டாயம் படியுங்கள். அவர்களில் பலர் வேதனையோடு எழுதியிருக்கிறார்கள். பிறகு நேர்காணலில் நீங்களே கேளுங்கள்: “குழந்தை வேண்டாம் என்று காட்டினால் இங்கே என்ன செய்வீர்கள்?” பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.