மரபணு எழுதும் கொடிவழி

நுழையும்முன்

சேலம், நாமக்கல் சமவெளியில் வேலியோரத்துச் செடிகொடிகளில் இலையோடு இலையாக வாழ்வது கண்கொத்திப் பாம்பு. பச்சைப் பாம்பு என்றும் அதனை வழங்குவர். அதன் உண்மையான உறவினர் எவர் என்னும் வினாவிற்கு அண்மைக்காலத்தில்தான் தெளிவான விடை கிடைத்தது. அவ்விடையைத் தந்த மரபணுச் சான்றினை விளக்குவது இப்பாடம்.

தோற்றம் என்னும் முதற்சான்று

செதில்களின் எண்ணிக்கை, பல்லமைப்பு, மண்டையோட்டின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டே அறிஞர்கள் நெடுங்காலம் பாம்புகளை வகைப்படுத்தினர். இம்முறை இன்றும் இன்றியமையாதது. எனினும், ஒத்த வாழ்க்கைமுறை ஒத்த தோற்றத்தை உருவாக்கிவிடும். அமெரிக்கக் கண்டத்தில் வாழும் ஆக்சிபெலிஸ் என்னும் பாம்பும் கொடி போன்ற மெல்லுடலும் கூர்முகமும் உடையது. ஆயினும், அது நம் பச்சைப் பாம்பிற்கு நெருங்கிய உறவன்று. தோற்றம் ஒன்றாயினும் வழி வேறு.

சுவடியும் மரபணுவும்

உ.வே.சாமிநாதையர் பல ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரே பிழை இரு சுவடிகளில் காணப்படின், அவை ஒரே மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. மரபணு ஆய்வின் அடிப்படையும் இத்தகையதே.

டி.என்.ஏ. நான்கு வகை வேதி எழுத்துகளால் ஆனது. தலைமுறைதோறும் அது படியெடுக்கப்படும்போது சிற்சில எழுத்துகள் மாறுகின்றன. அம்மாற்றங்கள் வழித்தோன்றல்களுக்கும் செல்கின்றன. இரண்டு இனங்கள் மட்டும் பகிர்ந்துகொள்ளும் புதிய மாற்றங்கள் அவற்றின் பொது மூதாதையைச் சுட்டுகின்றன. பாம்பின் உடலிலிருந்து எடுக்கப்படும் சிறு திசுவே இவ்வாய்வுக்குப் போதும். விரைந்து மாறும் மைட்டோகாண்டிரியா மரபணுக்கள் அண்மை உறவுகளையும், மெல்ல மாறும் உட்கரு மரபணுக்கள் தொன்மை உறவுகளையும் காட்டுகின்றன. தொல்லுயிர்ப் படிமங்களின் காலத்தோடு பொருத்தினால், கிளைகள் பிரிந்த காலத்தையும் கணிக்கலாம்.

ஒன்று பலவான கதை

இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் கூர்மூக்குப் பச்சைப் பாம்புகள் யாவும் 'அகெடுல்லா நசூட்டா' என்னும் ஒரே இனமாகக் கருதப்பட்டன. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் தீபகற்ப இந்தியாவின் பச்சைப் பாம்புகளை உடலமைப்பாலும் மரபணுவாலும் ஆராய்ந்து, 2020இல் ஐந்து புதிய இனங்களை அறிவித்தனர். 'நசூட்டா' இலங்கைக்கு உரியதாயிற்று. நம் சமவெளிப் பாம்பு, 1825இல் தாமஸ் பெல் சூட்டிய 'ஆக்சிரிங்கா' என்னும் பழம்பெயரை மீண்டும் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டில், தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலையில் 'புரோஅகெடுல்லா' என்னும் தொன்மையான கிளை கண்டறியப்பட்டது. அது ஏறத்தாழ 2.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தது எனக் கணிக்கப்பட்டுள்ளது.

மலைகள் என்னும் தீவுகள்

மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகள் தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ளன. ஈரமண்ணை நாடும் இவற்றிற்கு வறண்ட சமவெளி கடல் போன்றது, மலைகளோ தீவுகள். சேர்வராயன் மலைக்குரிய இனத்தை 1863இல் பெடோம் விவரித்தார். கொல்லிமலையின் இனம் 2020இல்தான் தனியினமாக அறிவிக்கப்பட்டது. பாம்பியல் அறிஞர் எம்.வி.இராஜேந்திரன் பெயரால் அது வழங்கப்படுகிறது.

அறிவதன் பயன்

பல இனங்களை ஒன்றெனக் கருதினால், அவற்றுள் ஒன்று அழியும்போது அவ்விழப்பே நமக்குத் தெரியாமற் போகும். ஒரு மலையில் மட்டும் வாழும் இனத்திற்கு அம்மலைக்காடே வீடு. காடு அழியின் அதற்குப் புகலிடம் வேறில்லை. கண்ணைக் கொத்தும் என்ற அச்சத்தால் அடித்துக் கொல்லப்படும் பச்சைப் பாம்போ, பல்லி, ஓணான், தவளைகளை உண்டு வாழ்வது. அதன் மென்னஞ்சு மனிதரின் உயிரைப் பறிப்பதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளின் வரலாற்றைத் தன் உடலில் சுமக்கும் உயிரை ஒரு நொடி அச்சத்தால் அழிப்பது அறிவுடைமை ஆகாது.

கற்பவை கற்றபின்

1. சுவடி ஒப்பீட்டிற்கும் மரபணு ஒப்பீட்டிற்கும் உள்ள ஒற்றுமைகளைத் தொகுத்து எழுதுக.
2. உங்கள் ஊரில் பாம்புகளுக்கு வழங்கும் பெயர்களையும் அவை பற்றிய நம்பிக்கைகளையும் திரட்டி, அவற்றின் உண்மைத்தன்மையை வகுப்பறையில் கலந்துரையாடுக.