ஆயுத பூஜைக்கு முன் பானெட்டைத் திறக்கும்போது

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அப்பாவின் காரைத் துடைப்பது என் வேலை. ஒரு வருஷம் சூடு ஆறுவதற்குள் பானெட்டைத் திறந்து தண்ணியை ஊத்தினேன். மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகலை. எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் சும்மா கிடந்தது.

இப்போ இஞ்சின் நல்லா ஆறட்டும்னு விடுகிறேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று உள்ளே போகும் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் மூடுவேன். முதலில் காய்ந்த பிரஷ், பிறகு டிகிரீசர் தெளித்த துணி. ஹோஸ் வேண்டவே வேண்டாம். ஹைபிரிட் காரா? ஆரஞ்சு வயர் பக்கம் போகாதீங்க, உயர் மின்னழுத்தம்.

அந்தத் துணியை மழைநீர்ச் சாக்கடையில் அலசாதீங்க. தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாய்த் தண்ணீர், 2008இல் திறந்த மரினா அணைக்கட்டுக்குப் பின்னால்தான் தேங்குது. நாம குடிக்கிறதும் அதிலிருந்துதான். துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கை கழுவி, சந்தனம் குழைக்கிறேன்.